எங்கள் வீட்டுக் கழனி வாளி

எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் அக்கா ஒருவர் தினமும் காலையில் வந்து கழனித் தண்ணீர் எடுத்துப் போவார். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் இன்னுமா மாடு வளர்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் ஒருநாள் விடியற்காலையில் எங்கள் பக்கம் வந்து பார்க்கலாம். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் சேரும். ஒருநாள் அவர் வாளியைத் தூக்கிப் பார்த்தவர், அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இன்னாண்ணே இது, பாதி வாளி சோறா கீது? இத்தப் போட்டா மாட்டுக்கு வயிறு உப்பிக்கும். தோலு, தண்ணி மட்டும் ஊத்து. சோறு வேணாம்."

அவர் சொன்னது சரிதான். வெந்த சோறு மாட்டின் வயிற்றில் சீக்கிரம் புளித்து அமிலமாகிவிடும். அளவு மீறினால் மாடு படுத்துவிடும். ஆனால் எனக்கு அன்றைக்குத் தைத்தது அது இல்லை. நான் சமையலை எடுத்துக்கொண்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் அதே வாளி, அதே அக்கா. ஒருநாளும் இப்படி ஒரு புகார் வந்ததில்லை.

நான் மணலியில் ஒரு கம்பெனியில் 27 வருஷம் ஸ்டோரில் வேலை பார்த்தவன். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். வீட்டிலேயே தையல் தைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு அதே சமயம் எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில் நல்ல வேலை கிடைத்தது. காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருவார். சரி, சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஐந்து பேருக்குச் சமைப்பது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சாப்பிடுகிறவர்கள் என்பது அதுவரை எனக்கு உறைத்ததே இல்லை.

அம்மாவுக்கு 78 வயது. செவ்வாய், வெள்ளி, சனி கவுச்சி தொடமாட்டார். பல் இல்லாததால் சோறு குழைந்திருக்க வேண்டும். பையனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. ஜிம்முக்குப் போகிறவன், சோற்றைக் கண்டால் எதிரியைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். முட்டை, கோழி இருந்தால் போதும். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மீன் வாடையே ஆகாது. தண்டையார்பேட்டையில் பிறந்துவிட்டு மீன் வேண்டாம் என்கிறாள் பாருங்கள். மனைவிக்கு மதியம் டப்பா, ராத்திரி சூடாக ஏதாவது. எனக்கு சுகர்.

அந்த மாட்டுக்கார அக்கா சொன்னதை ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "எனக்கு அளவு தெரியலை போல. உன் கையில மிஞ்சவே மிஞ்சாதே, எப்படி?" என்று கேட்டேன். அவர் தட்டிலிருந்து நிமிராமலே பதில் சொன்னார்.

"மிஞ்சாம எங்க போச்சு? நான்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

காலையில் மகள் வைத்துவிட்டுப் போன அரை தோசை, மதியம் பையன் வராததால் நின்றுபோன சோறு, முந்தின நாள் ரசம் எல்லாம் அவர் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. தனக்கென்று சூடாக ஒரு பிடி எடுத்துப் போட்டுக்கொண்டது குறைவு. வீணாகிற சாப்பாடு எங்கள் வீட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. அவர் வேலைக்குப் போனபிறகுதான் அது வாளிக்கு வந்தது. நடுவில் நான்கு மாதம் நானும் அதே வேலையைச் செய்திருக்கிறேன். மூன்று மாத சராசரி சுகர் பரிசோதனையில் எண் 7.1-லிருந்து 8.3-க்கு ஏறியிருந்தது. டாக்டர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மிச்சம் சாப்பிடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஸ்டோர்காரனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், எண்ணிப் பார்ப்பதுதான். காய் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். சமைத்து, சாப்பிடாமல் போனதை மட்டும் ஏழு நாள் நிறுத்து நோட்டில் எழுதினேன். தோல், முள், எலும்பு சேர்க்கவில்லை. மொத்தம் 3 கிலோ 700 கிராம் வந்தது. அதில் சோறு மட்டும் 1 கிலோ 900. சாம்பார், ரசம் 800. பொரியல் அரைக் கிலோ. மீதி இட்லி, தோசை, சட்னி.

ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்று அதில் இருக்கிறது. இந்திய வீடுகளுக்கு ஆளுக்கு வருஷம் 55 கிலோ என்று கணக்கு. அதாவது வாரத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதுவும் தோல், எலும்பையெல்லாம் சேர்த்து. எங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கில் வாரம் ஐந்தேகால் கிலோ வர வேண்டும். நாங்களோ தோலைச் சேர்க்காமலே நாலு கிலோவை நெருங்கிவிட்டோம். ஓட்டல், கல்யாண மண்டபத்தையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவன் அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கத்துக் குப்பை எல்லாம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கம் அடிக்கிற நாளில் மூக்கைப் பொத்திக்கொள்கிற நமக்கு, அதில் நம் வீட்டு ரசமும் இருக்கிறது என்பது நினைவுக்கு வருவதில்லை.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. மீன் குழம்பு ஒருநாள்கூட அந்தப் பட்டியலில் வரவில்லை. முதல் நாளைவிட இரண்டாம் நாள் ருசி என்று ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டு தீர்த்துவிடுகிறார்கள். கருவாட்டுத் தொக்கும் அப்படித்தான். வீணாவது எல்லாம் கேட்க ஆள் இல்லாத பண்டங்கள்: வெள்ளைச் சோறு, தேங்காய்ச் சட்னி, பீன்ஸ் பொரியல், புதன்கிழமை ரசம்.

முதலில் நான் செய்தது பெரிய முட்டாள்தனம். ஒரே சமையல், எல்லோரும் அதைத்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு வாரத்துக்கு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கம்பெனி கேன்டீன் மாதிரி. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. முட்டைக் குழம்பு என்று போட்டிருந்தேன், கிழமையைப் பார்க்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் மோரும் ஊறுகாயும் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். பையன் வெளியே ஷவர்மா சாப்பிட்டு வந்தான். மகள் குழம்பை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் தராசு காட்டியது 4 கிலோ 200.

அப்புறம்தான் யோசனை மாறியது. ஐந்து வாய்க்கு ஐந்து ருசி இருப்பது பிரச்சினை இல்லை. யார் எந்த வேளை வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் ஐந்து பேருக்கும் மூன்று வேளையும் பொங்கி வைப்பதுதான் பிரச்சினை. ஒரு வாரத்தைக் கணக்குப் போட்டால் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஆட்கள் சராசரியாக இரண்டரைப் பேர். நான் பொங்கியது ஐந்து பேருக்கு.

ஒரு ஆழாக்கு அரிசி சுமார் 140 கிராம் வரும். வெந்தால் கிட்டத்தட்ட மூன்று பங்காகிவிடும். நான் தினமும் நாலு ஆழாக்கு போட்டுக்கொண்டிருந்தேன். நிஜத்தில் எங்களுக்கு ஆள் கணக்கு எடுத்தால் முக்கால் ஆழாக்கு ஒரு ஆளுக்கு தாராளம். பையனுக்கு அதில் பாதி. எனவே முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வி போடுவேன்: "நாளைக்கு மதியம் யார், ராத்திரி யார்?" பதில் வராவிட்டால் அரிசி இல்லை. தாமதமாக வருகிறவனுக்கு முட்டையும் மாவும் எப்போதும் இருக்கும், அவனே போட்டுக்கொள்ளலாம்.

இதை அம்மா ஏற்கவே இல்லை. "வூட்டுக்கு வர்ற புள்ளைக்கு சோறு இல்லன்னு சொல்ற வூடு வெளங்குமா நைனா? யாராவது திடீர்னு வந்தா இன்னா பண்ணுவ?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கணக்கு சொன்னேன். அவர் அந்தக் காலத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றதைச் சொன்னார். இதற்குக் கணக்கு எடுபடாது என்று புரிந்தது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ராத்திரிச் சமையலுக்கு அரிசி களையும்போது அம்மா தன் கையால் ஒரு பிடி கூடப் போடுவார். யாராவது வந்தால் அவர்களுக்கு. வராவிட்டால் அது தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாகி, காலையில் அவருக்கே. அந்த ஒரு பிடியை நான் எண்ணக் கூடாது, தராசில் வைக்கவும் கூடாது.

சமையலிலும் இதே மாதிரி ஒரு வழி பிடிபட்டது. எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்யாமல், பாதி தூரம் ஒன்றாகப் போய் அங்கிருந்து பிரிவது. துவரம்பருப்பை ஒரே தடவை வேக வைத்துவிடுவேன். அதில் ஒரு கரண்டி மேலாக எடுத்து உப்பும் நெய்யும் போட்டால் அம்மாவுக்குப் பருப்பு. மேல் தண்ணீர் ரசத்துக்கு. மீதி சாம்பாருக்கு. அதேபோல வாரத்துக்கு இரண்டு தடவை வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு போட்டு எண்ணெய் பிரிகிற வரை வதக்கி ஒரு டப்பா தொக்கு எடுத்து வைப்பேன். அதில் இரண்டு கரண்டி எடுத்து உருளைக்கிழங்கைப் போட்டால் மகளுக்கு டப்பா. முட்டையை உடைத்து ஊற்றினால் பையனுக்கு. புளிக்கரைசல் ஊற்றிச் சங்கரா மீனைப் போட்டால் எனக்கும் மனைவிக்கும் குழம்பு. ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது, அவ்வளவுதான். மிஞ்சினாலும் தொக்குதான் மிஞ்சுகிறது. அதற்கு நாளைக்கு வேறு வேஷம் கட்டலாம். மிஞ்சிய முட்டைப் பொரியலுக்கு என்ன வேஷம் கட்டுவது?

இதில் ஒரு விஷயத்தில் நான் சூடுபட்டேன். அம்மாவுக்கு ருசி முக்கியமில்லை, கரண்டிதான் முக்கியம். முட்டை கிளறிய கரண்டியைத் தொக்கு டப்பாவில் விட்டதை ஒருநாள் பார்த்துவிட்டார். அந்த டப்பா முழுக்க அவர் அளவில் கவுச்சி ஆகிவிட்டது. இப்போது டப்பா திறந்ததும் அம்மாவின் பங்கை முதலில் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுவேன். மர அகப்பை சைவத்துக்கு, எவர்சில்வர் கரண்டி மற்றதுக்கு. புரட்டாசியில் இந்தத் தொல்லையே கிடையாது, பையனைத் தவிர வீடே சைவம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு. காசிமேட்டில் பெரிய படகுகள் கரையில் நிற்கும், கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் வருகிறதுதான் மீன், விலையும் ஏறிப்போகும். அந்த இரண்டு மாதம் கருவாடு எங்களைக் காப்பாற்றும்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் வெட்கமான விஷயம். வாளி இளைக்க இளைக்க எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. எதையும் கொட்டக் கூடாது. மே மாதம் ஒருநாள் மதியம் வடித்த சோறு ஒன்றரை டம்ளர் மிஞ்சியது. பானையிலேயே மூடி வைத்துவிட்டேன். ராத்திரி எட்டரைக்கு எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து, கடுகு தாளித்து, வேர்க்கடலை எல்லாம் போட்டு மகளுக்குக் கொடுத்தேன். மணத்தில் ஒரு குறையும் இல்லை. பதினொன்றரைக்கு வாந்தி ஆரம்பித்தது. விடிவதற்குள் ஆறு தடவை.

பக்கத்து கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே சோறு எத்தனை மணிக்கு வடித்தது என்பதுதான். அரிசியோடு வருகிற பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாகாதாம். சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. ஊசிப்போன வாடை வந்தால்தான் கெட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வாடை இல்லாமலும் கெடும். மூடி வைத்த பானை, மே மாதம், எங்கள் அடுக்களையின் புழுக்கம்: அந்தக் கிருமிக்கு இதைவிடச் சொகுசு வேண்டியதில்லை.

அன்றிலிருந்து மிஞ்சிய சோற்றைப் பெரிய தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி ஆற வைக்கிறேன். ஃபேனுக்கு அடியில் அரைமணியில் ஆறிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில். மறுநாளைக்குள் ஒரே தடவை ஆவி பறக்கச் சூடு பண்ணி முடித்துவிட வேண்டும். சூடு பண்ணியதை மறுபடி உள்ளே வைப்பது கிடையாது. இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுவேன். அதற்கு நோட்டில் தனியாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டுக்கு நான் கவலைப்படுவதில்லை.

அப்படியென்றால் பழைய சோறு மட்டும் எப்படி ஒன்றும் செய்யவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "நான் எப்போ மத்தியானச் சோத்துல தண்ணி ஊத்தினேன்? ராத்திரி வடிச்சி, ஆறினதும் ஊத்துவேன். நூல் வுட்டா கொட்டிடுவேன்" என்றார். ஆறிய கையோடு தண்ணீரில் போவதால் புளிக்க வைக்கும் நல்ல கிருமிகள் முந்திக்கொள்கின்றன. புளிப்பு ஏறிவிட்டால் மற்றவை தலையெடுப்பது கஷ்டம். நாள் முழுக்க வெந்து வியர்த்துக் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் குடல் நோய்க்குப் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. "ஸ்டான்லிலயே சொல்லிட்டாங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நானும் ஆசையாக ஒரு சொம்பு குடித்தேன். சுகர்காரனுக்குப் பழைய சோறும் சோறுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஃபிரிட்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர் கிண்ணம், மேலே ஒரு தட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்குக் கொட்ட மனசு வராததை நான்கு நாள் கழித்துக் கொட்டுவதற்காக உள்ளே வைத்துக்கொண்டிருந்தோம். ஸ்டோரில் முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்பது பாலபாடம். அதைச் சொந்த வீட்டில் செய்ய எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இப்போது மிச்சத்துக்கு மட்டும் கண் மட்டத்தில் ஒரு தட்டு. ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாக்கள், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. மூடியில் ஒரு துண்டு டேப், அதில் தேதி. அந்தத் தட்டு நிறைந்தால் அன்றைக்குப் புதுக் குழம்பு கிடையாது.

மாவு விஷயம் சின்னதுதான், ஆனால் நிறைய மிச்சமானது. முன்பெல்லாம் ஒரே பெரிய டப்பா, தினமும் வெளியே எடுத்து, வெளியிலேயே மறந்து, மறுபடி உள்ளே. மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. இப்போது அரைத்துப் புளித்ததும் இரண்டு டப்பாவாகப் பிரித்துவிடுகிறேன். முதல் டப்பா முடிகிறவரை இரண்டாவதைத் தொடுவதில்லை. கடைசியில் புளித்தது பணியாரம் ஆகிவிடும். தேங்காய்ச் சட்னி அரைப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். நேரம் தப்பி வருகிறவர்களுக்கு இட்லிப் பொடி.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் நிறுத்தேன். 650 கிராம். அதில் பாதி கீரை. கீரையை நான் இன்னும் ஜெயிக்கவில்லை. தள்ளுவண்டியில் பச்சைப்பசேல் என்று பார்த்தால் இரண்டு கட்டு வாங்கிவிடுகிறேன், ஆய்வதற்குள் ஒரு கட்டு வதங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காசிமேடு இன்னொரு பலவீனம். ஒரு கிலோ சங்கரா என்று கிளம்புவேன், அங்கே ஏலம் கூவுகிற சத்தத்தில் கை தானாக நெத்திலி, கானாங்கெளுத்தி என்று நீளும். கழுவி, மஞ்சள் தடவி, ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போடக் கற்றுக்கொண்டதால் அது வீணாவதில்லை. என் பர்ஸ் மட்டும் வீணாகிறது.

மனைவி ராத்திரி ஒன்பதுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு நேராக ஃபிரிட்ஜைத் திறப்பார். "இன்னைக்கு எது மிஞ்சியிருக்கு, எடுங்க" என்பார். "அதெல்லாம் இல்ல. உனக்குன்னு ரெண்டு சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன், உட்காரு" என்று சொன்னால் உட்காருவார். போன வாரம் மகள் அரை தோசையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மனைவியின் கை பழக்கத்தில் அந்தத் தட்டுப் பக்கம் போனது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "ஏய், உன் தட்டுல இருக்கறதை யாருடி சாப்பிடுவா, வந்து உட்காரு" என்று உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.